ஒட்டடைக் கம்பின் கீழ்ப்பாதி குறித்துச் சம்பந்திக்கு

பெருமதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு, தங்கள் மகனுக்குப் பெண்ணைக் கொடுத்தவன் சொல்லி எழுதவைப்பது.

இங்கே என் முழங்காலைத் தவிர மற்றவர்கள் சுகம். அங்கே தங்கள் இடது கண்ணைத் தவிர மற்றவர்கள் சுகமாக இருப்பார்கள் என்று நினைக்கிறேன். சம்பந்தி அம்மாளின் சுகத்தை நான் தனியாகக் கேட்கத் தேவையில்லை. காலையில் எங்கள் வீட்டுப் போன் மணி அடித்தால் அது அவர்தான். என் வீட்டுக்காரி போனைக் காதில் வைத்தால் அடுப்பில் பால் பொங்கி அடங்கின பிறகுதான் எடுக்கிறாள். அதனால்தான் போனில் சொல்லவேண்டியதைக் கடிதமாகச் சொல்கிறேன். நான் உங்களைக் கூப்பிட்டால் எடுப்பது சம்பந்தி அம்மாள், எடுத்ததும் கேட்பது என் வீட்டுக்காரியை, அதோடு அந்தப் போன் என் கைக்குத் திரும்புவதில்லை. நம் இருவருக்கும் பேச விஷயம் இருக்கும் என்று இந்தப் பெண்களுக்குத் தோன்றுவதே இல்லை.

எனக்கு எழுத்து வராது என்பது தாங்கள் அறிந்தது. நான் சொல்லச் சொல்ல எழுதுவது என் வீட்டுக்காரிதான். எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். ஒரே ஒரு குறை, வாயிலிருந்து வந்ததையெல்லாம் எழுதிவிடுவாள், அடிக்கச் சொன்னால் அடிக்கமாட்டாள், அடித்துத் திருத்தின கடிதம் சம்பந்தி வீட்டுக்குப் போகக்கூடாதாம். ஆகையால் நடுவில் எங்காவது 'இதை எழுதாதே' என்று வந்தால் அதைக் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போய்விடுங்கள்.

விஷயம் சின்னது. உங்கள் வாசல் கதவுக்குப் பின்னால் தேன் நிறத்தில் ஒரு தடி நிற்கிறதல்லவா, மாப்பிள்ளை கொடுத்தது, காலையில் நடக்கப்போகும்போது தெருநாய்களுக்குக் காட்டுவதற்காக எடுத்துப்போவீர்களே, அது எனக்குக் கொஞ்ச நாளைக்கு வேண்டும். முழங்காலுக்கு. ஊன்றி நடக்க. வேறு எந்தக் காரணமும் இல்லை. வெள்ளிக்கிழமை தச்சர் வரப்போகிறார், ஏற்கெனவே ஒருமுறை வந்து தடியை மேலும் கீழும் அளந்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நம் பெண் பேச்சுவாக்கில் சொன்னாள். அவரை வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தடியின் மெல்லிய முனையில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு முளை நீட்டிக்கொண்டிருக்கும். அதில் ரம்பம் படவே கூடாது. என் முழங்காலுக்கு அந்த முளைதான் நல்லது.

இந்த இடத்தில் எழுதுகிறவள் பேனாவை நிறுத்திவிட்டு, "முழங்காலுக்கும் முளைக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்கிறாள். எழுதுவதோடு நிற்கமாட்டாள். சரி, அவளுக்கே நம்பிக்கை வராதது உங்களுக்கு எங்கே வரப்போகிறது. நீங்கள் காலமெல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் விசில் ஊதி, வயிற்றுவலி என்று பொய் சொல்லி வெயிலுக்கு ஒதுங்கின பிள்ளைகளைப் பிடித்தவர். முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

நம் மாப்பிள்ளையின் குணம் உங்களுக்குத் தெரியும், நீங்கள் வளர்த்ததுதானே. இரண்டு வீட்டுக்கும் சமம் என்றால் சமம், ஒரு அரிசி எடை கூடக்குறைய இருக்காது. கல்யாணமான புதிதில் யாரோ பரிசு கொடுத்த ஆறு கோப்பையை மூன்று உங்களுக்கு, மூன்று எங்களுக்கு என்று பிரித்தார். நல்ல மனசு என்று நினைத்தேன். பிறகு இரண்டு பாகமாக இருந்த பெரிய அகராதியில் முதல் பாகம் உங்கள் வீட்டுக்கும் இரண்டாம் பாகம் என் வீட்டுக்கும் வந்தது. எனக்கு இதில் நஷ்டமில்லை, நான் இரண்டையும் படிக்கப்போவதில்லை. உங்களுக்குத்தான் பாவம், பாதி மொழிக்கு அர்த்தம் தெரியாமல் போய்விட்டது. நம் பெண்ணாவது சொல்லித் திருத்துவாள் என்று பார்த்தால், அவளும் சேர்ந்துகொண்டு போர்வையை அளந்து வெட்டுகிறாள்.

அவர்கள் புது வீட்டுக்குக் குடிபோன அன்று பரணில் முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன ஒரு நீளக் கட்டு கிடைத்ததல்லவா. பழைய செய்தித்தாள் சுற்றி, சணல் கட்டி, உள்ளே இரண்டு கம்பு, ஒன்று தடிமன், ஒன்று மெல்லிசு. நீங்களும் நானும் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை மேலே இருந்து ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "அப்பாவுக்கு ஒண்ணு, மாமாவுக்கு ஒண்ணு" என்று இரண்டு பக்கமும் நீட்டினார். தடிமனானது உங்கள் கைக்கு வந்தது, நாய்த்தடி ஆயிற்று. மெல்லிசு என் கைக்கு வந்தது, நுனியில் ஒரு குஞ்சம் கட்டி ஒட்டடைக் கம்பு ஆக்கினேன். அன்றைக்கு நாம் இருவரும் இடம் மாறி நின்றிருந்தாலும் இதே கதிதான்.

இனிமேல் சொல்லப்போவதை எழுதாதே.

ஒருநாள் முன்னறையில் மேல்மூலையை அடித்துக்கொண்டிருந்தேன். குஞ்சத்தின் மேல் ஒரு பல்லி ஏறிற்று. ஏறினதை நான் பார்க்கவில்லை, கழுத்து வலியில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஏறினது என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. அது நின்றது, திரும்பினது, வாலை ஆட்டினது, எல்லாம் அந்தக் கம்பு வழியாக என் கைக்கு வந்து சேர்ந்தது. மூங்கிலில் ஒட்டடை அடித்திருக்கிறேன், இரும்புக் குழாயில் அடித்திருக்கிறேன், எதுவும் எனக்கு இப்படிப் பல்லியின் மனசைச் சொன்னதில்லை. குஞ்சத்தை அவிழ்த்துவிட்டுக் கம்பை ஜன்னலோரம் கொண்டுபோய் வெயிலில் பார்த்தேன். உள்ளே ஓட்டை. மேலே தேன் நிறம். ரிப்பனைச் சுற்றி எடுத்த மாதிரி கம்பு நெடுகச் சாய்வாக மெல்லிய வரி, நகத்தால் தடவினால்தான் தெரியும். இந்த வரியை நான் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

சோபா தைக்கிற வேலைக்குப் போன புதிதில் ஒரு டாக்டர் வீட்டுக்கு என் முதலாளி என்னை அனுப்பினார். பச்சை சோபா. இடது கை வைக்கிற இடத்தில் சுருட்டு சுட்ட பொத்தல். உள்ளே ஸ்பிரிங் இரண்டு ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடந்தது. அதற்கு நேர் மேலே சுவரில் ஆணியடித்து ஒரு தூண்டில் கம்பு வைத்திருந்தார், இதே தேன் நிறம், இதே வரி, தூண்டில் நூல் ஓடுகிற வளையங்களை அரக்குச் சிவப்பு நூலால் கட்டி. டாக்டர் அதை எடுத்து எனக்குக் காட்டுவதற்காக வளைத்தார். நுனி மட்டும் வளையவில்லை, கைப்பிடி வரைக்கும் வளைந்தது, குனிந்து கும்பிடுகிற மாதிரி. நான் கையை நீட்டினேன். "தொடாதப்பா, கோந்துக் கை" என்று மாட்டிவிட்டார். அன்றைக்கு என் கையில் கோந்தே இல்லை. நான் இன்னும் ஆணிகூடப் பிடுங்க ஆரம்பிக்கவில்லை. அந்த டாக்டர் போய்ச் சேர்ந்துவிட்டார், அந்த சோபாவும் போயிருக்கும், நான் மட்டும் மறக்கவில்லை.

ஆகவே மறுநாளே கம்பைச் சேலையில் சுற்றிக்கொண்டு தூண்டில் கடைக்காரரிடம் போனேன். யாருடைய சேலை என்று எழுதவேண்டாம். கடைக்காரர் கம்பை வாங்கி ஒரு முனையை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்தார். வெள்ளைத் தூள் வந்தது. கறுப்புத் தூள் வந்தால் இப்போதைய கார்பன் கம்பு, வெள்ளை வந்தால் பழைய கண்ணாடி இழைக் கம்பு என்றார். வளைத்துப் பார்த்தார். வாய்ப்பக்கத்தைக் கண்ணில் வைத்துப் பார்த்தார். "வளையம் கட்டின தடமே இல்ல பெரியவரே. கம்பெனியிலேர்ந்து வந்த வெறுங்கம்பு. கட்டணும் கட்டணும்னு யாரோ வாங்கி வச்சிருக்காங்க, கட்டலை. இது மேல்பாதி. கீழ்ப்பாதியோட முளை இந்த ஓட்டைக்குள்ள போய் உக்காரணும். எந்தக் கம்பெனி, எத்தனை எடை நூலுக்குன்னு எல்லாம் அதுலதான் எழுதியிருக்கும். அது எங்கே?" என்றார்.

தெருநாய்களைத் துரத்திக்கொண்டிருக்கிறது என்று எந்த வாயால் சொல்வேன்? எழுத்து இருக்கிற பாதி படிக்கத் தெரிந்தவரிடம் இருக்கிறது, அவர் அதைப் பார்க்கிறாரா என்று தெரியாது. வளையங்களை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த வாரம் நுனி வளையம் வாங்கப் போனபோது அந்த ஆள் என்னைப் பார்த்ததும் தனக்குள்ளே சிரித்துக்கொண்டார். "கவலைப்படாதீங்க, கீழ்ப்பாதி எங்கேயாவது பத்திரமாத்தான் இருக்கும்" என்றார். வியாபாரத்தில் மகிழ்ச்சியாக இருக்கிறார் போலிருக்கிறது, நல்லது.

இவ்வளவும் எழுதிவிட்டாயா? எழுதிவிட்டாளாம். சரி, நனைந்த பிறகு ஒதுங்கி என்ன, மீதியையும் கேளுங்கள்.

கம்புக்கு முதுகு என்று ஒன்று உண்டு சம்பந்தி. எந்தக் கம்பும் நாலு பக்கமும் ஒரே மாதிரி வளையாது. வாய்ப்பக்கத்தை மேஜையில் ஊன்றி, நுனியை ஒரு கையால் தாங்கி, நடுவில் அழுத்தி உருட்டினால் ஒரு இடத்தில் வந்து தானாகப் புரண்டு நிற்கும். மனுஷன் படுக்கையில் ஒரு பக்கமாகப் புரண்டு படுப்பது போல. அந்த முதுகைப் பார்த்துத்தான் வளையம் கட்டவேண்டும். தப்பான பக்கம் கட்டினால் மீன் இழுக்கும்போது கம்பு கையில் முறுக்கிக்கொள்ளும். இதைக் கண்டுபிடிக்க உட்கார்ந்த அன்று, என் மேஜையின் ஒரு காலுக்கு அடியில் யாரோ அட்டை வைத்துச் சரித்திருந்தது தெரியாமல், கம்பின் முதுகை விட்டுவிட்டு மேஜையின் முதுகைக் கண்டுபிடித்து, அதை நம்பி எல்லா வளையத்தையும் கட்டி, பிறகு எல்லாவற்றையும் அவிழ்த்தேன்.

நூலைப் பற்றிச் சொன்னால் வீட்டில் சண்டை வரும். அரக்குச் சிவப்பில் பட்டு நூல் ஒரு உருண்டை, நம் பெண்ணுக்கு ரவிக்கை ஓரம் தைக்க எடுத்துவைத்தது, என் கண்ணில் பட்டது. டாக்டர் கம்பில் இருந்த அதே சிவப்பு. கடவுளாகப் பார்த்து வைத்தது என்று எடுத்துக்கொண்டேன். நூல் தொய்யாமல் சுற்ற வேண்டுமென்றால் அது எதையாவது அழுத்தத்தில் கடந்து வரவேண்டும். அதற்குத்தான் அகராதி. இரண்டாம் பாகத்தை நடுவில் பிரித்து, நூலை உள்ளே விட்டு மூடி, மேலே இஸ்திரிப் பெட்டியை வைத்து இழுத்தால் அப்படி ஒரு இழுவை. மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள், அவர் கொடுத்த புத்தகத்தை நான் தினமும் திறக்கிறேன் என்று.

நூலுக்கு மேல் வார்னிஷ் பூசினால் அது காய்கிறவரை கம்பைச் சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கமாக வழிந்து பால் குடித்த பிள்ளையின் வாய் மாதிரி ஆகிவிடும். உட்கார்ந்து சுற்ற எனக்குப் பொறுமை இல்லை. மேஜை விசிறியின் இறக்கையைக் கழற்றிவிட்டு, அந்த அச்சில் கம்பின் வாயை ரப்பர் குழாய் வைத்துச் செருகி, சுவிட்சைப் போட்டேன். ஒன்றில் வைத்தால் மெதுவாகச் சுற்றும் என்று எல்லாரும் நினைப்பார்கள். எங்கள் விசிறியில் ஒன்றுதான் வேகம், இதை நான் மறந்தது அந்த ஒரு நாள்தான். அதே சமயத்தில் வீட்டுச் சொந்தக்காரர் தண்ணீர்த் தொட்டி விஷயமாகப் பேச வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கதவைத் தள்ளினார். அவர் சட்டையில் தோளிலிருந்து இடுப்புவரை பழுப்புப் பொட்டு வரிசையாக விழுந்தது, கோடு போட்ட மாதிரி, அவ்வளவு நேர்த்தி. கடையில் அப்படி ஒரு துணி கேட்டால் கிடைக்காது. அவர் கொஞ்ச நேரம் கம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொட்டியைப் பற்றி எதுவும் பேசாமல் திரும்பிப் போனார். அன்றிலிருந்து தண்ணீர் ஒழுங்காக வருகிறது.

அடுத்தது கைப்பிடி. கைப்பிடி கீழ்ப்பாதியில் வருவது, கீழ்ப்பாதி என்னிடம் இல்லை, ஆனால் வரும்போது தயாராக இருக்கவேண்டுமல்லவா. தக்கையில் செய்தால்தான் கைக்கு இதமாக இருக்கும். எங்கள் பிளாஸ்க்கின் தக்கை மூடியை எடுத்துத் துளை போட்டேன். ஒன்று போதவில்லை. சமமாக இருக்கட்டும் என்று உங்கள் வீட்டு பிளாஸ்க்கின் மூடியையும் எடுத்து வந்தேன். ஆகையால் அதை நீங்கள் சமையலறையில் தேடவேண்டாம், சம்பந்தி அம்மாள் மேலும் சந்தேகப்படவேண்டாம். இப்போது இரண்டு மூடியும் கோந்து போட்டு ஒட்டி, தரை துடைக்கிற கம்பில் மாட்டிக் காத்துக்கொண்டிருக்கிறது. அதைப் பிடித்துத் தரை துடைத்தால் கை வலிப்பதே இல்லை.

இதற்கெல்லாம் எனக்கு வீட்டில் தண்டனை நடக்கிறது. காப்பி ஆறிப்போய் வருகிறது. புதன்கிழமை மீன் செய்தாள், நல்ல மீன்தான், குறை சொல்லமுடியாது, ஆனால் தட்டில் வந்தது வால்பாதி மட்டும். தலையில்லாமல் மீன் வாங்குகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. தலை எங்கே என்றேன். "அப்படித்தான் கிடைச்சுது" என்றாள். நூலுக்கும் மூடிக்கும் சேர்த்துப் பழிவாங்குகிறாள் என்று தெரிந்து வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன். சிரிக்காமல் எழுது.

இனி உங்களிடம் நான் செய்த தந்திரங்கள். முதலில் நயமாக எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குத்தான் அந்தப் பிரம்புத்தடியை உங்களுக்குப் பரிசாகக் கொண்டுவந்தது. வெள்ளிப் பூண் போட்ட தடி கைக்கு வந்தால் பழையதை மூலையில் எறிவீர்கள், போகிறபோக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். நீங்கள் கண் கலங்கினீர்கள். மறுநாளே, வாங்கினால் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்ற உங்கள் குடும்ப வழக்கப்படி, எனக்கு ஒரு பெரிய குடையைக் கொண்டுவந்தீர்கள். கொடுத்த கையோடு வீட்டுக்குள் வந்து, முகட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டே அறை அறையாக நடந்து, "ஒட்டடை கொஞ்சம் இருக்கே சம்பந்தி. கம்பு பழசாயிடுச்சோ? நான் வேணா புதுசா ஒண்ணு வாங்கித் தர்றேன், பழசை எங்கிட்டக் கொடுத்துடுங்க" என்றீர்கள். என் வீடு சுத்தமாக இல்லை என்று சம்பந்தி வாயால் கேட்கவேண்டி வந்ததே என்று எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. கடைசியில் உங்களிடம் தடி இரண்டு, என்னிடம் குடை ஒன்று, மழையும் இல்லை.

இரண்டாவது தந்திரம் இதைவிட மோசம். முளை எவ்வளவு பருமன் என்று தெரிந்தால் என் கம்பின் வாயோடு பொருந்துமா என்று பார்க்கலாமே என்று, நீங்கள் மத்தியானம் நாற்காலியில் சாய்ந்து தூங்கும்போது நூலை எடுத்துக்கொண்டு உங்கள் காலடியில் உட்கார்ந்தேன். தடி உங்கள் மடியில் இருந்தது. தூங்கும்போது தடியை மடியில் வைத்துக்கொள்கிறவரை அன்றுதான் பார்த்தேன். முளையில் நூலைச் சுற்றி முடிச்சுப் போடும்போது நீங்கள் கண்ணைத் திறந்தீர்கள். நான் நாற்காலிக்கு உறை தைக்க அளவு எடுக்கிறேன் என்று சொல்லி அசடு வழிந்தேன். நீங்களும் ரொம்பச் சந்தோஷம் என்று சொல்லி, வீட்டில் இருக்கிற எல்லா நாற்காலியையும் காட்டினீர்கள். இப்போது இந்த வயதில் உங்களுக்கு உறை தைத்துக்கொண்டிருக்கிறேன். துணி ஊதா நிறத்தில் வாங்கியிருக்கிறேன், பிடிக்காவிட்டால் சொல்லாதீர்கள்.

செவ்வாய்க்கிழமை நடந்தது உங்களுக்கே தெரியும். உங்கள் கண்ணில் புரை, எனக்கு ஒன்றுமில்லை, ஆனாலும் மாப்பிள்ளை நம் இருவரையும் கண் டாக்டரிடம் கூட்டிப்போய் இரண்டு பேர் கண்ணிலும் மருந்து விடவைத்தார். நம் பெண் வேறு ஒரு வேலை இருக்கிறது என்று வரவில்லை. நாம் இருவரும் கண்ணை மூடிக்கொண்டு பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம்.

பிறகு நீங்கள்தான் ஆரம்பித்தீர்கள். "அந்த ஒட்டடைக் கம்பு எப்படி இருக்கு?"

"இருக்கு. உங்க தடி?"

"வீட்டுல, கதவுக்குப் பின்னால. இன்னைக்கு எடுத்துட்டு வரலை."

"நுனியில என்னமோ நீட்டிக்கிட்டு இருக்குமே, அதை ஒண்ணும் பண்ணிடாதீங்க."

"ஏன்?"

"முழங்கால்" என்றேன். நீங்கள் அதற்கு மேல் கேட்கவில்லை. முழங்காலைப் பற்றி உங்களுக்கு இருக்கிற மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

இதற்குப் பிறகுதான் தச்சர் விஷயம் காதில் விழுந்தது. போன வாரம் அவர் தடித்த முனையில் நீளமாக ஒரு மரப்பிடி வைத்துக் கொடுத்தாராமே. ஊன்றுகோலுக்கு இவ்வளவு நீளப் பிடி எதற்கு என்று யோசித்தேன், வாத்தியார் மனுஷன், பெரிய கை என்று விட்டுவிட்டேன். ஆனால் வெள்ளிக்கிழமை ரம்பத்தோடு வருகிறவர் என்ன செய்வார்? தடிக்குக் கீழே ரப்பர் பூண் போடவேண்டும், முளை குறுக்கே நிற்கும், ஒரே இழுப்பில் அறுத்துவிடுவார். அந்த முளை போனால் எல்லாம் போயிற்று. மரத்தில் வேறொன்று செய்து செருகினால் அந்த இடத்தில் கம்பு விறைத்துக்கொள்ளும், வளைவு பாதியில் நின்றுவிடும், பல்லி வந்தாலும் மீன் வந்தாலும் கைக்கு ஒரு சேதியும் வராது. இதை நினைத்து ராத்திரியில் எழுந்து எழுந்து பீரோவின் மேல் இருக்கிற என் பாதியைத் தடவிப் பார்க்கிறேன்.

ஆகவே சம்பந்தி, ஒளிவு மறைவில்லாமல் கேட்கிறேன். அந்தக் கீழ்ப்பாதியை எனக்குக் கொடுங்கள். குடையைத் திருப்பித் தருகிறேன். பிரம்புத்தடியும் உங்களுக்கே. உறைக்கு ஊதா வேண்டாம் என்றால் பிரித்துவிட்டு வேறு தைக்கிறேன். ஏரிக்கரைச் சுவரில் என் பக்கத்தில் உட்கார்ந்து நான் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அது போதாது என்றால் வலையை நீங்கள் பிடிக்கலாம். அதுவும் போதாது என்றால், இதை எழுதாதே, ஒரு ஞாயிறு நீங்கள், ஒரு ஞாயிறு நான். இதற்குமேல் என்னால் இறங்கிவர முடியாது. ஒருமுறை, ஒரே ஒருமுறை, அது கைப்பிடி வரைக்கும் குனிவதை என் கையால் பார்க்கவேண்டும். கோந்து இல்லாத கையால்.

உங்கள் கண் தெளியவும், என் முழங்கால் மடங்கவும், நம் பிள்ளைகள் இருவரும் இனிமேலாவது எதையும் பாதியாக்காமல் நெடுங்காலம் சேர்ந்து வாழவும் வேண்டிக்கொள்கிறேன். சம்பந்தி அம்மாளுக்கு என் வணக்கம். மூடி விஷயத்தை நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். கையெழுத்துக்குப் பதில் என் கட்டைவிரல் ரேகை கீழே இருக்கிறது. அது மை அல்ல, வார்னிஷ், எப்படித் தேய்த்தும் போகவில்லை.

இப்படிக்கு,
என்றும் உங்கள் அன்புள்ள சம்பந்தி

பின்குறிப்பு:

அண்ணாவுக்கு வணக்கம். இது நான் எழுதுவது. அவர் கடித உறை வாங்கத் தெருமுனைக் கடைக்குப் போயிருக்கிறார்.

அவர் பயப்படுகிற மாதிரி தச்சர் முளையை அறுக்க வரவில்லை, பெட்டி செய்ய வருகிறார் என்பது எங்களுக்குத் தெரியும். அந்தப் பெட்டிக்குள் இரண்டு பாதிக்கும் பக்கத்துப் பக்கத்தில் இடம் விட்டு அளவு கொடுத்திருக்கிறீர்கள் என்பதும், தடியில் இருந்த எழுத்தைப் படித்துவிட்டு அதே தூண்டில் கடையில் நூல் சுற்றுகிற ரீல் வாங்கி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறீர்கள் என்பதும், எங்கள் வீட்டு ஒட்டடைமேல் உங்களுக்கு ஏன் அவ்வளவு அக்கறை என்பதும் அண்ணி தினமும் காலையில் எனக்குச் சொல்வதுதான். நான் இதை இவரிடம் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வரை எழுந்து எழுந்து தடவட்டும். எங்கள் இரண்டு பேர் பிளாஸ்க்கும் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது.

செவ்வாய்க்கிழமை நீங்கள் இருவரும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, கதவுக்குப் பின்னால் இருந்ததை அண்ணி எடுத்துவந்தார், பீரோவின் மேல் இருந்ததை நான் எடுத்துவந்தேன், ரீலும் வந்தது. நம் பெண் வண்டியை ஓட்டினாள். ஏரிக்கரைச் சுவரில் வைத்து ஒன்றுக்குள் ஒன்றைச் செருகினோம். சத்தமே இல்லாமல் போய் உட்கார்ந்தது. அண்ணிக்கு மீன் பிடிக்கத் தெரியும் என்பதை இத்தனை வருஷத்தில் நீங்கள் கேட்டதில்லையாம், அதனால் அவர் சொல்லவில்லையாம். இவர் சொல்கிற மாதிரி கைப்பிடி வரைக்கும்தான் வளைந்தது. நானும் கொஞ்ச நேரம் பிடித்துப் பார்த்தேன். அந்த மீனைச் சமமாகப் பிரித்து, தலைப்பாதி உங்கள் வீட்டுக்கு, வால்பாதி எங்கள் வீட்டுக்கு. வால் எங்கே என்று நீங்களும் அண்ணியிடம் கேட்டீர்களாமே.

பிறகு துடைத்து அவரவர் பாதியை இருந்த இடத்தில் வைத்துவிட்டோம். இதை நீங்கள் இவரிடம் சொல்லமுடியாது, சொன்னால் பெட்டியைப் பற்றியும் சொல்லவேண்டி வரும். கடிதம் எழுதினாலும் அதை இவருக்குப் படித்துக்காட்டப் போவது நான்தான்.

தச்சரிடம் ஒரு வேலை மட்டும் சொல்லிவிடுங்கள். மரப்பிடி எங்கள் கைக்குச் சற்றுப் பருமனாக இருக்கிறது, கொஞ்சம் இழைத்துக் குறைக்கவேண்டும்.

வருகிற செவ்வாய் மாப்பிள்ளை உங்கள் இருவரையும் காது டாக்டரிடம் கூட்டிப்போகிறார். இரண்டு பேருக்கும் காதில் ஒன்றுமில்லை. மறுக்காமல் போய்விட்டு வாருங்கள்.